இழுபறி இல்லாமல் தறி ஓடாது: கலையும் முரணும், செட்டிநாட்டிலிருந்து சில கேள்வி பதில்கள்

காரைக்குடியிலிருந்து பேருந்தில் அரை மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய எங்கள் ஊர் வீட்டில், ஆண்டுக்கு இரண்டு மாதம் போல, ஓவியமும் சிற்பமும் படித்த பிள்ளைகள் சிலர் வந்து தங்கி வேலை செய்கிறார்கள். பெரிய அமைப்பெல்லாம் இல்லை, பெயர்ப்பலகைகூடக் கிடையாது. வீட்டில் பாதி அறைகள் பூட்டிக் கிடக்கின்றன, அவர்களுக்கு இடம் வேண்டும், அவ்வளவுதான். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. இந்தக் காலத்துக் கலையில் ஏன் இத்தனை முரண், இத்தனை மோதல்? அது இல்லாமல் வேலை செய்ய முடியாதா? இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்து சொன்ன பதில்களைத்தான் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு மூன்று கேள்விகள் என் பங்காளிகள் கேட்டவை.

இழுபறி என்று எதைச் சொல்கிறீர்கள்? சண்டையைத்தானே?

சண்டை இரண்டு பேருக்கு நடுவில் நடப்பது. ஒருநாள் ஓயும், இல்லாவிட்டால் கோர்ட்டுக்குப் போகும். நான் சொல்லும் இழுபறி படைப்புக்குள்ளேயே இருப்பது. ஒரே படத்தில் இரண்டு விசைகள் எதிரெதிராக இழுக்க வேண்டும், இரண்டில் எதுவும் கையை விட்டிருக்கக் கூடாது.

இது மேற்கிலிருந்து வந்த சரக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். நம் யாப்பிலக்கணத்தில் மோனை, எதுகை, இயைபு, அளபெடை என்று தொடைகளை எண்ணும்போது முரணையும் ஒரு தொடையாகவே எண்ணியிருக்கிறார்கள். தொடை என்றால் தொடுப்பது, பூத்தொடுக்கிற மாதிரி. ‘இன்னாசெய் தாரை’ என்று தொடங்கும் குறளில் அடுத்த அடி ‘நன்னயம்’ என்று தொடங்குகிறது. பொருளில் ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு சொற்கள் ஆளுக்கொரு அடியின் வாசலில் நின்றுகொண்டு பாட்டைக் கட்டி வைத்திருக்கின்றன. முரண் வந்தால் அறுந்துபோகும் என்று நாம் பயப்படுகிறோம், யாப்புக்காரர்கள் அதையே நாராக வைத்துத் தொடுத்திருக்கிறார்கள். ஒன்றோடொன்று ஒத்துப்போகாத வண்ணங்கள் இரண்டை அருகருகே வைக்கத் தயங்கும் பிள்ளைகளிடம் முதலில் இதைத்தான் சொல்வேன்.

இதைக் கண்ணால் பார்க்க முடியுமா?

கண்டாங்கி நெய்யும் தறி ஒன்றின் பக்கத்தில் ஒரு காலைப்பொழுது உட்காருங்கள். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு காரைக்குடிக் கண்டாங்கி என்ற பெயர் வெளியூரிலும் தெரிகிறது. பருத்தி நூல், கட்டமும் கோடும், அகலமான கரை, அரக்கு, மஞ்சள், கறுப்பு என்று பளிச்சென்ற நிறங்கள். கடையில் மடித்து வைத்த சேலையில் இந்த நிறங்கள்தான் தெரியும். தறியில் பார்த்தால் நிறத்துக்கு முன்னால் இறுக்கம் தெரியும்.

பாவு, அதாவது நீளவாக்கில் ஓடுகிற நூல், முழுக்க முன்னும் பின்னும் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அது தளர்ந்தால் குறுக்கே ஓடுகிற ஊடை நூல் நெருங்கி உட்காராது, கட்டம் சாய்ந்துவிடும். அதிகம் இறுக்கினால் இழை அறும். அறுந்த இழையை முடிந்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். நெசவாளர் அடிக்கடி பாவின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்ப்பார். அளவுகோல் எதுவும் இல்லை, கைக்குத்தான் தெரியும். வெயில் காய்கிற நாளில் ஒரு மாதிரி, மழை ஈரத்தில் ஒரு மாதிரி.

ஓவியம் போடுகிறவர்களிடம் நான் கேட்பது இந்த உள்ளங்கையைத்தான். உங்கள் படத்தில் எது பாவு? அதை எவ்வளவு இழுத்து வைத்திருக்கிறீர்கள்? ‘எல்லாம் நன்றாக இணைந்து வந்திருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால் எனக்குச் சந்தேகம் வரும். பாவு தொய்ந்திருக்கலாம்.

ஆத்தங்குடிக் கல்லுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

அந்தப் பட்டறைக்கு எல்லாரையும் கட்டாயம் அழைத்துப் போகிறேன். வழவழப்பான அந்தத் தரைக்கல்லுக்குச் சூளையே கிடையாது. ஒரு கண்ணாடித் தகடு, அதன்மேல் ஒரு சட்டம், அதற்குள் பூவோ கட்டமோ போட்ட அச்சு. வண்ணம் கலந்த சிமெண்டுக் கூழை அச்சின் ஒவ்வொரு அறையிலும் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும், கலக்காது. அடுத்து உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவுவார்கள், அது கூழின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதன்மேல் ஈரக் கலவை போட்டு மட்டம் பார்ப்பார்கள். உலர விட்டு, பிறகு சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுவார்கள். கடைசியில் கல் கண்ணாடியை விட்டுப் பிரியும். அதன் மினுமினுப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது.

கவனித்தீர்களா, முழு வேலையும் கவிழ்த்துப் போட்டு நடக்கிறது. செய்கிறவர் பார்ப்பது கல்லின் முதுகை மட்டும். முகம் எப்படி வந்திருக்கிறது என்பது தகடு பிரியும்வரை தெரியாது. தெரிந்த கையும் தெரியாத முகமுமாக நாள் முழுவதும் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. எனக்கு இதில் உள்ள பதற்றம் பிடிக்கும். கல் செய்கிற அண்ணனிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். ‘பதற்றமெல்லாம் உங்களுக்குத்தாங்க, எங்களுக்குப் பழக்கம்’ என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

கைவினைஞரும் கலைஞரும் மோதிக்கொண்டால் யார் விட்டுக்கொடுக்க வேண்டும்?

எல்லா ஆண்டும் வருகிற வழக்கு இது. சென்னையிலிருந்து வந்த ஒரு பெண், மயிரிழை போன்ற கோடுகள் உள்ள கல் வேண்டும் என்றாள். ‘அவ்வளவு மெல்லிசா வராதும்மா, அச்சைத் தூக்கினா கூழ் கலங்கிடும்’ என்றார் மேஸ்திரி. ‘கலங்கினால் கலங்கட்டும், அதுதான் எனக்கு வேண்டும்’ என்றாள் அவள். அவருக்கு அது அவமானம். நாற்பது ஆண்டாகக் கலங்காமல் ஊற்றுகிற கை, இப்போது காசு கொடுத்துக் கலக்கச் சொல்கிறார்களே என்று. அவளுக்கோ தன் யோசனையைத் தொழில் தெரியாத குழந்தையின் பேச்சாக எடுத்துக்கொள்கிறாரே என்று.

இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் ஆளுக்கு ஒன்றாக இரண்டு கல் ஊற்றுவதென்று முடிவானது. அவர் கல்லில் கோடுகள் கொஞ்சம் தடித்து, கத்தியால் வெட்டியது போல இருந்தன. அவளுடையதில் மஞ்சள் பச்சைக்குள் இறங்கி, காய்ச்சல்காரன் கண் மாதிரி இருந்தது. இரண்டையும் அருகருகே சுவரில் பதித்தாள். மேஸ்திரி வீட்டுக்கு வரும்போதெல்லாம் தன் கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, அடுத்ததைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு போகிறார்.

யாரும் விட்டுக்கொடுக்கவில்லை, அதனால்தான் அந்தச் சுவருக்கு முன்னால் ஆள் நிற்கிறது. ஒன்று மட்டும் கறாராகச் சொல்வேன். இப்படிச் செய்த வேலையில் இரண்டு பேர் பெயரும் இருக்க வேண்டும், கூலியும் முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும். ‘உள்ளூர்க் கைவினைஞர்கள் உதவியுடன்’ என்று பெயரில்லாமல் ஒரு வரி போட்டுவிட்டுக் கண்காட்சிக்குத் தூக்கிப் போவதை முரண் என்று அழகாகச் சொல்லாதீர்கள். அது ஏய்ப்பு.

படைப்பு ஒரு நிலைப்பாடு எடுக்க வேண்டாமா? இரண்டு பக்கமும் நிற்பது கோழைத்தனம் இல்லையா?

நல்ல கேள்வி. கேட்டவர் சட்டம் படித்துவிட்டு ஓவியத்துக்கு வந்தவர்.

காரைக்குடியில் கம்பன் கழகத்தை 1939-ல் சா. கணேசன் தொடங்கினார். அந்த விழா மேடைகளில் பட்டிமன்றம் பெரிய கலையாகவே வளர்ந்தது. வாலியை மறைந்து நின்று கொன்றது சரியா தவறா என்ற வழக்கை நம் ஊர்க்காரர்கள் எத்தனை முறை கேட்டிருப்பார்கள்! நடுவர் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும், நேரமாகிறது, கடைசிப் பேருந்து இருக்கிறது. கம்பனுக்கு அந்த அவசரம் இல்லை. அம்பு பட்டுக் கிடக்கிற வாலியைக் கேள்வி மேல் கேள்வி கேட்க விடுகிறான். இராமனைப் போற்றுகிற காப்பியத்தில் இராமனுக்கு எதிரான வாதம் அத்தனை வலுவாக நிற்கிறது. கம்பன் எந்தப் பக்கம் என்பது ஊருக்கே தெரியும். தெரிந்தும் அடுத்த ஆண்டு வழக்கைத் திரும்ப எடுக்க முடிகிறதே, அது எதனால்?

நிலைப்பாடு இருக்கட்டும். எதிர்த்தரப்புக்கு உங்கள் படத்தில் நல்ல வக்கீல் இருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள்.

வெளிநாட்டுச் சமகாலக் கலையில் இதற்கு ஓர் உதாரணம் சொல்லுங்கள்.

தங்கள் உடலையே வைத்து நிகழ்த்துகிற கலைஞர்கள் மரீனா அப்ரமோவிச்சும் உலாயும் 1980-ல் செய்த நிகழ்வு ஒன்று. வில்லை மரீனா பிடித்திருக்கிறார், நாணை உலாய் இழுத்துப் பிடித்திருக்கிறார், ஏற்றிய அம்பு மரீனாவின் நெஞ்சைக் குறிவைத்திருக்கிறது. இருவரும் பின்னால் சாய்ந்திருப்பதால் ஒருவர் எடையை மற்றவர் தாங்குகிறார். சின்ன ஒலிவாங்கிகள் இதயத் துடிப்பைக் கேட்க வைக்கின்றன. நாலு நிமிடமும் சில நொடிகளும்தான். விரல் வழுக்கினால் போச்சு. காதலும் கொலையும் ஒரே நாணில் இருக்கின்றன, மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை.

இன்னொன்று கொலம்பியச் சிற்பி டோரிஸ் சல்செடோ 2007-ல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் தரையில் உண்டாக்கிய விரிசல். நீளம் 167 மீட்டர். யார் உள்ளே, யார் வெளியே என்று ஐரோப்பா போடும் கோட்டைத் தரையிலேயே பிளந்து காட்டினார். கண்காட்சி முடிந்து விரிசலை அடைத்துவிட்டார்கள், தழும்பு மட்டும் இன்னும் தெரியும். இதைப் படத்தில் பார்த்த என் அப்பத்தா, ‘நம்ம ரெண்டாங்கட்டுல இல்லாத வெடிப்பா?’ என்று கேட்டார்.

அமைதியான படம் போட்டால் அது கலை இல்லையா?

யார் சொன்னது? இத்தாலிய ஓவியர் மொராண்டி வாழ்நாளில் பெரும்பகுதி புட்டிகளையும் கிண்ணங்களையும்தான் வரைந்தார். சத்தமே இல்லாத படங்கள். ஆனால் இரண்டு புட்டிகளுக்கு நடுவில் அவர் விடும் இடைவெளியைப் பாருங்கள், பேசிக்கொள்ளாத சகோதரர்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்தது போலிருக்கும். அமைதி வேறு, தொய்வு வேறு.

துன்பப்பட்டால்தான் நல்ல கலை வருமா?

வராது. பசியோடு இருப்பவனுக்குப் பசிதான் வரும். சாப்பிட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

செட்டிநாட்டு வீடுகளில்தான் எல்லாம் அழகாகக் கலந்திருக்கிறதே, அங்கே முரண் எங்கே?

இந்தக் கேள்வி வந்தால் கொஞ்ச நேரம் ஆகும்.

மேலோட்டமாகப் பார்த்தாலே தெரியும். பர்மாத் தேக்குத் தூண், இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பான் ஓடு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த நம் ஊர்ச் சுண்ணாம்புச் சுவர். வாசல் முகப்புச் சுதையில் நடுவே கஜலட்சுமி, பக்கத்தில் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய். சிப்பாயைக் காவலுக்கு நிறுத்தினார்களா, கேலிக்கு நிறுத்தினார்களா என்பதில் எனக்கு இன்னும் முடிவில்லை. அந்த முடிவின்மைதான் அந்தச் சுதையின் உயிர் என்று நினைக்கிறேன்.

அடுத்தது கசப்பானது. இந்தத் தேக்கும் பளிங்கும் வந்த பணத்தில் பெரும்பங்கு கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வட்டித்தொழில் செய்யப் போன இடங்களிலிருந்து வந்தது, முக்கியமாக பர்மாவிலிருந்து. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் ஏறத்தாழ 6 விழுக்காடு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938-ல் அது 25 விழுக்காடு. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடனைத் திருப்ப முடியவில்லை, ஈடு வைத்த வயல்கள் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தன. நிலம் வேண்டுமென்று போனவர்கள் இல்லை, பணம் திரும்பினால் போதுமென்று இருந்தவர்கள். வந்தவருக்கு வேண்டாத நிலம், இழந்த உழவனுக்கு ஆறாத வயிற்றெரிச்சல். பிறகு 1942-ல் ஜப்பான் படை வந்ததும் கால்நடையாகத் தப்பி வந்தவர்கள் எத்தனையோ பேர். சுதந்திர பர்மாவின் நில நாட்டுடைமையில் மிச்சமும் போனது. எங்கள் வீட்டில் தப்பி வந்த கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். வயலை இழந்த பர்மியனின் கதை யார் வீட்டிலும் சொல்லிக் கேட்டதில்லை.

இங்கே வந்து தூணைப் படமெடுத்து, அதன்மேல் சுருட்டுப் புகை மாதிரி ஒரு ஏக்கத்தைப் போர்த்திவிட்டுப் போகிற வேலைகள் நிறைய வருகின்றன. அழகுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தூணில் இரண்டு இழப்புகள் சாய்ந்து நிற்கின்றன. ஒன்றை மட்டும் வரைந்தால் படம் ஒருபக்கம் சாய்ந்துவிடும்.

மூன்றாவது முரண் இப்போது நடப்பது. 2014-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்க்கப்பட்டன. அதே காலத்தில் வீடுகளை இடித்து, கதவும் நிலையும் தூணும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. விற்றவரைத் திட்டுவது சுலபம். ஒரு வீட்டுக்கு முப்பது பங்குதாரர், ஓடு மாற்றக்கூட முப்பது கையெழுத்து என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

நம் வேலையைக் குடும்பத்தினர் எதிர்த்தால்?

எனக்கே நடந்தது. எங்கள் வீட்டுப் பூட்டுகளின் சாவிகள் பதினான்கை, ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம், பங்கு வரிசைப்படி வளவுச் சுவரில், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய பொதுக்கூடத்தின் சுவரில், தொங்கவிட்டேன். கீழே பெயர் இல்லை, அந்தந்த அறை கடைசியாகத் திறக்கப்பட்ட ஆண்டு மட்டும். சில ஆண்டுகள் என் பிறப்புக்கு முந்தியவை. சென்னையிலிருந்து வந்த பங்காளி ஒருவர் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டார். ‘வீட்டு மானத்தை ஆணியில மாட்டி வச்சிருக்கியா? ரெண்டு நாள்ல படைப்பு, நாலு பேர் வர்றாங்க’ என்றார். அவர் சொன்ன படைப்பு முன்னோருக்குப் படையல் போடுகிற விழா. நான் எடுக்க மாட்டேன் என்றேன். அவர் இந்த வீட்டுத் தரையில் கால் வைக்க மாட்டேன் என்றார்.

மறுநாள் காலையில் பார்த்தால் ஓர் ஆணி காலி. படைப்புக்குப் பெரிய அண்டா வேண்டியிருக்கிறது, அது பூட்டிய அறைக்குள் இருக்கிறது, அப்பத்தா சாவியைக் கழற்றிக்கொண்டு போய்த் திறந்துவிட்டார். ‘கலை கிலையெல்லாம் சரிடா, சமைக்க வேண்டாமா?’ சாவி திரும்ப வரவில்லை. அவர் இடுப்பிலேயே தங்கிவிட்டது. ஆண்டைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. பங்காளி படைப்புக்கு வந்தார், சாப்பிட்டார், என்னோடு பேசவில்லை. இன்னும் பேசவில்லை. எல்லாம் பேசித் தீர்ந்துவிடும் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன்.

ஊரே கோபப்பட்டால்?

இரண்டு விதமான கோபம் உண்டு. நியூயார்க்கில் ஓர் அலுவலகச் சதுக்கத்தில் அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செர்ரா 1981-ல் 120 அடி நீளம், 12 அடி உயரத்தில் ஓர் இரும்புச் சுவரை நிறுத்தினார். அங்கே வேலை செய்தவர்கள் தினமும் அதைச் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. 1985-ல் பொது விசாரணை, 1989-ல் வெட்டி எடுத்துவிட்டார்கள். நடப்பவரை இடைமறிப்பதுதான் அந்தப் படைப்பின் வேலை என்றாலும், தினமும் நடப்பவரின் குறையும் குறைதான். அந்தக் கோபத்தோடு உட்கார்ந்து பேசலாம்.

நம் ஓவியர் எம்.எஃப். ஹுசைனுக்கு நேர்ந்தது வேறு. வழக்குகள், மிரட்டல், கண்காட்சி உடைப்பு. 2006-ல் நாட்டைவிட்டுப் போனவர் 2010-ல் கத்தார் குடியுரிமை ஏற்று, 2011-ல் லண்டனில் இறந்தார். அதை இழுபறி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கயிற்றின் ஒரு முனையில் ஒரு கிழவர், மறுமுனையில் கூட்டம்.

கூட்டாக வேலை செய்யும்போது வரும் உரசலை எப்படிச் சமாளிப்பது?

நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீடுகளில் ‘வேறு வைத்தல்’ என்று ஒரு வழக்கம் உண்டு. மகனுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச காலத்தில் அதே வீட்டுக்குள் தனிச் சமையல், தனிக் கணக்கு. வளவு பொது, சாமி பொது, அடுப்பு தனி. பிரித்து வைத்தால்தான் சேர்ந்து இருக்க முடியும் என்று யாரோ நன்றாக யோசித்திருக்கிறார்கள். இங்கே வரும் குழுக்களுக்கும் அதையே சொல்கிறேன். சுவர் பொது, மேசை தனி. காலையில் பேசிக்கொள்ள வேண்டாம். மாலையில் வளவில் எல்லாவற்றையும் வைத்து, அடித்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

தறியிலிருந்து அறுத்த சேலை கொஞ்சம் சுருங்கும். இத்தனை நாள் இழுத்து வைத்திருந்த நூல் மூச்சு விடுகிறது. அந்த அளவையும் சேர்த்துத்தான் நீளம் கணக்குப் போடுவார்கள். சுவரில் இருக்கும்போது முறுக்காக இருந்த உங்கள் படத்தைக் கீழே இறக்கி, ஒரு வாரம் திருப்பி வைத்துவிட்டுப் பாருங்கள். கொஞ்சம் சுருங்கியிருக்கும். சுருங்கியும் இழுக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்க வருகிறவர்கள் என்ன கொண்டுவர வேண்டும்?

பாய் தருகிறோம், கொசுவலை நீங்கள்தான். சித்திரை, வைகாசியில் வர வேண்டாம், வெயில் தாங்காது. வளவுச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, நான் அடித்த பதினான்கே அதிகம் என்று அப்பத்தா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சாவி வேண்டுமென்றால் அவரைக் கேளுங்கள்.